பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்: உணவிலுள்ள பால்மமாக்கிகளை அறியும் முறை

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பெஸ்தாரி ஜெயாவில் (பத்தாங் பெர்சுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்கு விளங்கும்) ஒரு மளிகைக்கடைக்குள் நுழைந்து, ரொட்டி, கிரீமர், பிஸ்கட், மார்ஜரின், பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால் என்று எதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும், பொடி எழுத்தில் 471, 322, 481 போன்ற எண்களோ, ‘பெங்கெமுல்சி’ என்ற மலாய்ச் சொல்லோ கண்ணில் படும். ஆங்கிலத்தில் எமல்சிஃபையர் எனப்படும் பால்மமாக்கியைத்தான் அவை குறிக்கின்றன. எண்ணெயும் நீரும் பிரிந்துவிடாமல் ஒன்றாக நிற்பதற்காகத் தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பொருள் அது. அதை எப்படி அடையாளம் காண்பது, எதிலிருந்து செய்யப்பட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அளவுக்குக் கவலைப்படுவது ஆகியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

தோட்டப்புறத்து மக்கள் இதை அறிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டில், இதே வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று அந்த மரங்களிலிருந்து வெட்டப்படும் குலை ஆலைக்குப் போய் எண்ணெயாகி, சுத்திகரிப்புக்குப் போய்த் தெளிந்து, பிறகு அதன் ஒரு பகுதி கிளிசரினுடன் சேர்த்து 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்படும்போது உருவாவதுதான் 471 என்ற எண்ணுக்குரிய மோனோ, டை கிளிசரைடுகள். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பால்மமாக்கி வகைகளில் இது ஒன்று. குலையை லாரியில் ஏற்றியனுப்பியவர் வீட்டுக் காலை ரொட்டிக்குள்ளேயே அது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அது செய்யும் வேலை என்ன?

ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைவாசி நீரும் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். சில நிமிடங்களில் எண்ணெய் மேலே வந்து தனியாக நின்றுவிடும். அடுத்து, முட்டையின் மஞ்சள் கருவை ஒரு கரண்டி சேர்த்து மீண்டும் குலுக்கினால், கலவை வெளுத்துக் கெட்டியாகி நெடுநேரம் பிரியாமல் நிற்கும். முட்டை தொடாதவர்கள் அரைத்த கடுகுப்பொடியைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்த அளவு உறுதியாக நிற்காவிட்டாலும், பிரிவது தாமதப்படுவது தெரியும்.

மஞ்சள் கருவில் லெசித்தின் என்ற பொருள் இருக்கிறது. தியோடோர் கோப்லே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை முட்டையிலிருந்து பிரித்தெடுத்து, 1850இல் அதற்குப் பெயரும் சூட்டினார். லெசித்தினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு முனை நீரோடு சேரும். மறு முனை எண்ணெயோடு சேரும். பேச்சுவார்த்தை அறுந்துபோன இரு குடும்பங்களுக்கும் உறவான ஒருவர் நடுவில் நின்று இரு பக்கத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது போன்ற வேலை அது. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் இந்த மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதால், துளிகள் மறுபடியும் ஒன்றோடொன்று கூட முடிவதில்லை.

ஆனால், எல்லாப் பொருளிலும் பால்மமாக்கி இந்த ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. ரொட்டியில் மாவுச்சத்தைப் பிடித்துக்கொண்டு, அது இறுகிக் காய்ந்துபோவதைத் தள்ளிப்போடுகிறது. சாக்லேட்டில் குழம்பை இளக்கி, அச்சில் எளிதாக ஓடச் செய்கிறது. ஐஸ்கிரீமிலோ அது செய்வது ஏறக்குறைய நேர்மாறான வேலை: கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்திருக்கும் பால் புரதத்தை ஓரளவு விலக்கிவிடுவதால், துளிகள் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் வலை போலப் பின்னி, அடித்து ஏற்றிய காற்றைத் தாங்கி நிற்கின்றன. நம் ஊர் வெயிலில் ஐஸ்கிரீம் கைக்கு வந்ததும் நீராக ஓடிவிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொட்டலத்தைப் படிக்கும் முறை

முதலில் ஒரு நடைமுறை யோசனை. கடை வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபளக்கும் நெகிழிப் பையானால், சற்றுச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் எழுத்து தெளிவாக விழும்.

பிறகு ‘ரமுவான்’ என்ற மலாய்த் தலைப்பைத் தேடுங்கள். உட்பொருள்கள் அதன் கீழ்தான் இருக்கும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். ஆனால், நீருக்கும் உணவுச் சேர்மங்களுக்கும் (பால்மமாக்கி போன்று உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும் பொருள்களுக்கும்) அந்த வரிசைக் கட்டுப்பாடு இல்லை. எனவே பால்மமாக்கி பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து அதன் அளவை ஊகிக்க முடியாது. பெரும்பாலான பொருள்களில் அது நூற்றில் ஒரு பங்குகூட இராது. பட்டியலின் தொடக்கத்தில் நிற்கும் முதல் மூன்று பொருள்களைத்தான் வரிசையை வைத்து எடைபோட முடியும். அங்கே சீனி இரண்டாவதாக நின்றால், 471ஐப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் பற்றி யோசியுங்கள்.

சேர்மங்கள் வழக்கமாகப் பட்டியலின் இறுதியில், அல்லது அதற்குக் கீழே தனி வாக்கியமாக இருக்கும். ‘பெங்கெமுல்சி’ என்றால் பால்மமாக்கி; ‘பென்ஸ்தாபில்’ என்றால் நிலைப்படுத்தி; ‘பெமெக்காட்’ என்றால் கெட்டியாக்கி. சில பொட்டலங்களில் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் ‘கொண்டிசியோனர் மாக்கானான்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். நம் நாட்டு விதிப்படி, சேர்மத்தின் வகையைச் சொல்லி ‘யாங் டிபெனார்க்கான்’, அதாவது அனுமதிக்கப்பட்டது என்று குறிப்பிடுவது போதும் என்பதால், உள்நாட்டுப் பொருள்கள் பலவற்றில் எண்ணே இராது. இறக்குமதியான பொருள்களிலும் பெரிய நிறுவனங்களின் பொருள்களிலும் எண்ணைக் காணலாம். சிலவற்றில் எண்ணுக்கு முன்னால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பின் எண்ணும் பெரும்பாலும் அதேதான். எழுத்து மட்டும் இல்லை.

எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 322 என்றால் லெசித்தின். இன்று அது முட்டையிலிருந்து வருவதைவிடச் சோயாவிலிருந்து வருவதே அதிகம், சூரியகாந்தியிலிருந்தும் வரும். 471 பற்றிச் சொல்லிவிட்டேன். 472 என்பது அதன் உறவுக்காரக் கூட்டம். அதில் ரொட்டிக்காரர்கள் அதிகம் தேடுவது 472இ. 481, 482 இரண்டும் ரொட்டி, பன், கிரீமர் ஆகியவற்றில் வரும் லாக்டிலேட்டுகள். 433, 435 ஆகியவை பாலிசார்பேட்டுகள். 476, 477, 491, 492 ஆகியவை பெரும்பாலும் சாக்லேட், கேக் பக்கம் தென்படும். இவற்றுள் 476 ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தைக் கொண்டு செய்யப்படுகிறது என்பதைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் முகம் சுளிக்கக்கூடும். பேதிக்குக் கொடுத்த எண்ணெயின் குணம் எதுவும் அதில் இல்லை என்று சொல்லி அமைதிப்படுத்தலாம்.

400 முதல் 440 வரையுள்ள எண்கள் பெரும்பாலும் பிசின், கோந்து வகைகள். 412 நம் கொத்தவரை விதையிலிருந்து வருவது. 407 சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன்; அந்தப் பாசி சபாவின் செம்போர்னா கடற்பகுதியிலும் வளர்க்கப்படுகிறது. 466 என்ற செல்லுலோஸ் கோந்து மட்டும் மரக்கூழ், பருத்தி ஆகியவற்றின் நாரை வேதியியல் முறையில் மாற்றிச் செய்யப்படுகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

கடைத்தட்டில் தேட வேண்டிய இடங்கள்

டின் பாலில் தொடங்குவோம். தேநீருக்கு ஊற்றும் டின்னை நாம் இன்னும் ‘பால்’ என்றுதான் சொல்கிறோம். லேபிளைப் படித்தால் பலவற்றில் ‘கிரிமர் மானிஸ்’ என்று இருக்கும். ‘சூசு பெக்காட் மானிஸ்’ என்று இராது. இரண்டும் ஒன்றல்ல. பின்னது பாலைச் சுண்டவைத்துச் சீனி சேர்த்தது. முன்னதில், பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்க்கப்பட்டு, பாலின் திடப்பொருளும் சீனியும் கலந்திருக்கும். அந்த எண்ணெயைப் பிரியாமல் பிடித்து வைப்பதற்கே பால்மமாக்கியும் நிலைப்படுத்தியும் சேர்க்கப்படுகின்றன. இரண்டு டின்களின் படமும் நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், வாங்குகிறவர் பெயரைப் படிக்காவிட்டால் வேறுபாடு தெரியாது. பொடியாக வரும் கிரீமரில் குளுக்கோஸ் பாகும், கெட்டியாக்கிய செம்பனை விதை எண்ணெயும், கேசினேட் என்ற பால் புரதமும், 471, 481 போன்ற பால்மமாக்கிகளும் இருப்பது வழக்கம். ‘பால் அல்லாத கிரீமர்’ என்று முன்பக்கத்தில் போட்டிருந்தாலும் கேசினேட் பாலிலிருந்து வருவதுதான்; பால் ஒவ்வாமை உள்ளவர் அதை நம்பிக் குடிக்கக் கூடாது.

தேங்காய்ப்பால்தான் இந்த விஷயத்தைக் கண்ணால் பார்த்து அறிய மிக நல்ல பாடம். சந்தைக் கடையில் இயந்திரத்தில் தேங்காயைத் துருவி அங்கேயே பிழிந்து தரும் பாலையும், பெட்டியில் வரும் சந்தானையும் தனித்தனிக் குவளையில் ஊற்றி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில், பிழிந்த பால் மேலே கெட்டியான ஏடாகவும் கீழே கலங்கிய நீராகவும் பிரிந்திருக்கும். பெட்டிப் பாலில் அத்தகைய பிரிவைப் பெரும்பாலும் காண முடியாது. தேங்காய்ப்பால் இயற்கையாகவே ஒரு பால்மம்தான், அதாவது எண்ணெயும் நீரும் கலந்து நிற்கும் கலவை. தேங்காயின் புரதமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிடி வலுவற்றது. குளிர் பட்டாலும் பிரியும், சூடு பட்டாலும் பிரியும். பெட்டியில் மாதக்கணக்கில் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே 435, 466, 412 போன்றவற்றில் ஒன்றோ பலவோ சேர்க்கப்படுகின்றன.

இதனால் சமையலில் ஒரு மாற்றம் நேர்கிறது. கோழிக் கறியையோ ரெண்டாங்கையோ எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை வற்றவைக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பக்குவம். பிரியக் கூடாது என்று கட்டி வைக்கப்பட்ட பாலை ஊற்றிவிட்டு, பிரியவில்லையே என்று அடுப்பருகே நிற்பதில் பயனில்லை. எண்ணெய் மிதக்க வேண்டிய கறிக்குப் பிழிந்த பாலை வாங்குங்கள். திரியக் கூடாத பாயசத்துக்கும் சொதிக்கும் பெட்டிப் பால் போதும். பிழிந்த பாலைச் சொதிக்கு ஊற்றுவதானால், இறக்கும் தறுவாயில் ஊற்றி, கொதிவிடாமல் கிளறிக்கொண்டே இருந்தால் பிரியாது. தேங்காயும் நீரும் மட்டுமே உள்ள பெட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றில் ஏடு தனியாக உறைந்திருந்தால் கெட்டுப்போனது என்று எறிந்துவிடாதீர்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, குலுக்கிப் பயன்படுத்துங்கள்.

ரொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடை ரொட்டி நான்கைந்து நாள்கள் பஞ்சு போல இருப்பதற்கு 471, 481 ஆகியவையும், உப்பி நிற்பதற்கு 472இயும் காரணம். இவை எதுவும் இல்லாத ரொட்டி மறுநாளே வறண்டுபோகும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை, வாட்டிச் சாப்பிடலாம். சாக்லேட், மால்ட் பானம், உடனே கரையும் பால்மாவு ஆகியவற்றில் 322 இருக்கும். அதற்கு மேல் அங்கே ஆராய ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு வீட்டில் கேக் செய்கிறவர்கள் பேக்கரிப் பொருள் கடையில் ‘ஓவலெட்’ என்று கேட்டு வாங்கும் மஞ்சள் நிறப் பசையும் பால்மமாக்கிதான். இத்தகைய பசைகளில் மோனோகிளிசரைடுகளும் அவற்றைச் சார்ந்த வேறு சில பால்மமாக்கிகளும் நீரோடு கலந்து ஒரு தனி நிலையில் இருக்கின்றன. அந்த நிலையில் அவை முட்டைக் கலவைக்குள் காற்றை விரைவாக ஏற்றுகின்றன. முட்டை, சீனி, மாவு மூன்றையும் ஒரே தடவையில் போட்டு அடித்தாலும் கேக் எழும்புவது அதனால்தான். டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்கு மேல் போட்டால் கேக் இன்னும் உயரும் என்று நினைப்பது தவறு. நடு பிசுபிசுத்து, நாக்கில் சவர்க்காரம் போன்ற ஒரு சுவை தங்கும். முட்டையையும் சீனியையும் மட்டும் வெள்ளையாக நுரைத்து வரும் வரை பொறுமையாக அடித்து, மாவைக் கையால் மெல்லக் கலக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பசை தேவையே இல்லை.

சைவமா, மாட்டுக் கொழுப்பா?

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு பட்டியல் சுற்றுகிறது: இன்னின்ன எண் வந்தால் பன்றிக் கொழுப்பு, தூக்கி எறியுங்கள் என்று. அது முழு உண்மையல்ல. 471 என்ற எண் அந்தப் பொருளின் வேதியியல் அமைப்பைச் சொல்லுமே தவிர, கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. செம்பனை எண்ணெயிலிருந்து செய்தாலும், சோயா எண்ணெயிலிருந்து செய்தாலும், மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்தாலும் எண் ஒன்றுதான். செம்பனை மலிவாகக் கிடைக்கும் நம் நாட்டில் அது தாவரத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பை வைத்து விரதம் இருக்க முடியாது.

இதை உறுதிசெய்ய மூன்று இடங்களைப் பாருங்கள். மாடு, பன்றி ஆகியவையோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ உணவில் இருந்தால் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு விதிமுறைகளின் கட்டளை. எனவே ‘லெம்பு’ (மாடு) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, சேர்மங்கள் எல்லாம் ‘தும்புஹான்’ (தாவரம்) அல்லது ‘சிந்தெத்திக்’ (செயற்கை) மூலத்திலிருந்து வந்தவை என்ற வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். பல உள்நாட்டு நிறுவனங்கள் இதை அச்சிடுகின்றன. ‘ஹைவான்’ என்றிருந்தால் விலங்கு. மூன்றாவதாக, சைவத்துக்கு ஏற்றது என்று வெளிப்படையாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால், பொட்டலத்தில் உள்ள பயனீட்டாளர் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, ‘பால்மமாக்கியின் மூலம் தாவரமா, விலங்கா?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

ஹலால் முத்திரையைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அந்த முத்திரை பன்றி இல்லை என்பதற்கு உறுதி தருகிறது. முறைப்படி அறுக்கப்பட்ட மாடு ஹலால்தான் என்பதால், மாடு இல்லை என்பதற்கு அது உறுதியாகாது. சைவம் என்பதற்கோ சிறிதும் ஆகாது. தைப்பூச விரதத்திலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் ஹலால் முத்திரையை மட்டும் பார்த்துப் பிஸ்கட் வாங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முட்டை தவிர்ப்பவர்கள் 322க்கு அருகில் ‘தெலுர்’ என்ற சொல்லைத் தேடலாம். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் ‘காச்சாங் சோயா’வைத் தேட வேண்டும், சோயா லெசித்தினில் சிறிதளவு புரதம் எஞ்சியிருக்கக்கூடும். தானியப் பசைப் புரதம், கொட்டை வகைகள், சோயா, மீன், பால், முட்டை ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று விதி இருப்பதால், இந்தத் தேடல் வீண்போகாது. 481 போன்றவற்றின் பெயரில் லாக்டிக் என்ற ஒலி வருவதைப் பார்த்து அது பால் என்று அஞ்ச வேண்டாம். லாக்டிக் அமிலம் பெரும்பாலும் மாவுச்சத்தையோ சீனியையோ நொதிக்க வைத்துப் பெறப்படுவது.

உடம்புக்குக் கெடுதலா?

நேராகச் சொல்வதானால், எல்லாப் பால்மமாக்கியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் 322, 471 இரண்டையும் மீளாய்வு செய்து, அவற்றுக்கு எண்ணளவில் தினசரி வரம்பு விதிக்கத் தேவையில்லை என்று முடிவு சொன்னது. பாலிசார்பேட்டுகளுக்கோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,500 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 375 மில்லிகிராம். ஒரே அளவு ஐஸ்கிரீமும் கேக்கும் சாப்பிட்டாலும், குழந்தை தன் வரம்பை நோக்கி நான்கு மடங்கு வேகமாகப் போகிறது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

கவலை எழுந்தது எங்கிருந்து என்றால், 2015இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து. 466, 433 ஆகியவற்றைக் குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, குடலின் சளிப் படலமும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறி, இலேசான அழற்சியும் உடல் பருமனும் தோன்றின. பின்னர், 16 ஆரோக்கியமான மனிதர்களைக் கொண்டு ஒரு சிறு சோதனை நடந்தது. 11 நாள்களுக்கு நாளொன்றுக்கு 15 கிராம் 466 கொடுக்கப்பட்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் குறைந்தன, வயிற்று அசௌகரியமும் சற்றுக் கூடியது. 15 கிராம் என்பது ஒருவர் சாதாரணமாக உண்ணும் அளவைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2023இல் பிரான்சில் 95,442 பேரின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சில பால்மமாக்கிகளை அதிகம் உண்டவர்களிடையே இதய நோய் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டும். இதனால்தான் அது வந்தது என்று நிறுவாது.

என் கருத்து இதுதான்: பால்மமாக்கியின் எண்ணை நஞ்சின் பெயராக எண்ணாமல், இந்த உணவு தொழிற்சாலையில் எந்த அளவுக்குக் கட்டியெழுப்பப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளமாகப் படிப்பதே பயன் தரும். சமையலறையில் யாரும் 481ஐ எடுத்துப் போடுவதில்லை. அது இருக்கும் பொட்டலத்தில் சீனியும் கெட்டிக் கொழுப்பும் உப்பும்கூட அதிகமாக இருப்பது வழக்கம். அவற்றின் கெடுதலைப் பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே ஐயம் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) இருக்கிறது. அந்த நிலையில், காலையிலும் மாலையிலும் கிரிமர் மானிஸ் ஊற்றிய தேநீர் குடித்துக்கொண்டு, ரொட்டியில் உள்ள 471க்கு அஞ்சுவது முன்னுரிமை தெரியாத செயல்.

குறைக்க விரும்புகிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கியெறிய வேண்டியதில்லை. தினமும் உண்பதில் கை வையுங்கள். எப்போதாவது உண்பதை விட்டுவிடுங்கள். தேநீருக்கு டின்னை விட்டுவிட்டு, பாலும் அளவான சீனியும் சேர்க்கலாம். ரொட்டிக்குப் பதில் வாரத்தில் சில நாள்கள் தோசை, இட்லி, சப்பாத்தி என்று மாற்றினால் பெரும்பகுதி தானாகக் குறைந்துவிடும். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீமும் சாயமிட்ட கேக்கும் வாரம் முழுவதும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் மட்டும் 433, 466, 407 ஆகிய மூன்றைப் பற்றி மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்பது நல்லது.

லேபிளே இல்லாத பொருள்களை என்ன செய்வது என்பது எஞ்சுகிறது. நம் பட்டணத்துக் கடைகளில் பிஸ்கட்டைப் பெரிய டின்னிலிருந்து அள்ளி, நிறுத்து, வெறும் பையில் கட்டித் தருவார்கள். அந்த டின்னின் பக்கத்தில் உட்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் திருப்பிக் காட்டுவார், அப்போதே படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் உதவும். இரவுச் சந்தையில் விற்கும் கேக்குக்கும் குளிர்பானத்துக்கும் அப்படி ஒன்றும் இராது. செய்தவரிடம் ‘ஓவலெட் போட்டீர்களா, எந்தக் கிரீமர்?’ என்று கேட்பது மட்டுமே வழி, பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள். பொட்டலமாகக் கட்டி, பெயரும் விலையும் ஒட்டி விற்கும் பொருளில் உட்பொருள் பட்டியலே இல்லையென்றாலோ, விலங்கிலிருந்து பெறப்பட்டதை மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றினாலோ, பொட்டலத்தை எறியாமல் ரசீதோடு எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். உற்பத்தி எண்ணும் காலாவதித் தேதியும் பொறித்த பகுதி கிழியாமல் இருக்க வேண்டும்; அவை இருந்தால்தான் எந்தத் தொகுதிச் சரக்கு என்பதை அதிகாரிகளால் தேடிப் பிடிக்க முடியும்.